சுவருக்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலி டவுனில் அம்பலவாண பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். சாவிக்கொத்து, பாக்குவெட்டி, பேனாக்கத்தி எது இருந்தாலும் நடையில் வைத்திருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "கோயில்னா செருப்பைக் களத்தணும், பிள்ளைவாள் வீடுன்னா சாவியக் களத்தணும்" என்று தெருவில் கேலி பேசுவார்கள். பிள்ளைக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

ரயில்வேயில் தந்தி இன்ஸ்பெக்டராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பியில் ஓடும் மின்சாரம் எங்கே கசிகிறது, எத்தனையாவது மைலில் அறுந்திருக்கிறது என்று ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுச் சொல்லுவார். ஊருக்கு வந்த பிறகு, வீட்டின் பின்கட்டில் இருந்த நெல்லறையை ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியைப் பட்டறை ஆக்கிக்கொண்டார். பள்ளிக்கூடங்களின் மின்சாரக் கருவிகளும், சில சமயம் ரயில்வேக் கருவிகளும் அங்கே வரும். அளவு சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, கோளாறு இருந்தால் திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்புவார். 1912-ஆம் வருஷம் இந்தத் தாமிரபரணிக் கரையில் அந்தக் கையெழுத்துக்கு மேல் ஒரு கையெழுத்து கிடையாது.

இரும்புக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டால் போதும், பிள்ளை கேட்டவரை உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார். கால்வனாமீட்டர் என்பது மின்னோட்டத்தை அளக்கிற கருவி. செங்குத்தாக நிற்கிற ஒரு வளையம். அதன் மேல் பட்டுநூல் சுற்றிய செம்புக் கம்பி. வளையத்தின் நடுவில் சின்னக் காந்த ஊசி. மின்சாரம் ஓடாதபோது ஊசி வடக்கு பார்த்து நிற்கும். கம்பியில் மின்சாரத்தை விட்டால் வளையமே ஒரு காந்தம் போல ஆகி ஊசியைப் பக்கவாட்டில் இழுக்கும். பூமி வடக்கே இழுக்கிறது, வளையம் கிழக்கே இழுக்கிறது, ஊசி இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் சமாதானமாகி நிற்கிறது. எத்தனை டிகிரி திரும்பி நின்றது என்று பார்த்தால் மின்சாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். "தராசுலே ஒரு தட்டுலே படிக்கல்லு வைக்கமில்லா? இதுலே படிக்கல்லு பூமிதான்வே. அந்தப் படிக்கல்லை இரும்பு கெடுத்துரும்" என்பார்.

அதனால் அவர் பட்டறையில் இரும்பே கிடையாது. அலமாரிக்கு மூங்கில் ஆணி, கதவுக்குப் பித்தளைக் கீல். கருவிகளை வைப்பதற்குத் தரையில் ஒரு கல்பலகை. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். மேஜை என்றால் ஆள் நடந்தாலே ஆடும்.

அந்த வருஷம் ஆனி மாதத் தொடக்கத்தில் பாளையங்கோட்டையிலிருந்து ஆறு கால்வனாமீட்டர் ஒரு ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் பொதிந்து வந்து சேர்ந்தன. அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான அறையைக் கவனித்துக்கொண்டிருந்த சாலமோன் என்பவர் சொந்தக் கையால் செய்தவை. சீமையிலிருந்து தருவிக்காமல் இங்கேயே செய்யலாம் என்று சாலமோன் ஹெட்மாஸ்டரிடம் ஆறு மாதம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். பிள்ளை சரி என்று எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்ளும். மற்றப் பள்ளிகளுக்கும் சாலமோனே செய்து கொடுக்கலாம் என்று பேச்சு இருந்தது. வண்டியோடு சாலமோனும், பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் அப்பாத்துரையும் வந்திருந்தார்கள்.

பிள்ளை கருவிகளைப் பார்த்தார். மாமர வளையம், நேர்த்தியாகக் கடைந்து அரக்குப் பூசியது. கம்பி ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பாய் முடைந்தது போலப் படிந்திருந்தது.

"எத்தனை சுத்து?"

"அம்பது அண்ணாச்சி. ஒவ்வொரு சுத்துக்கும் எம் பொஞ்சாதி ஒரு புளியங்கொட்டைய எடுத்துத் தட்டுல போடுவா. கடைசில கொட்டைய எண்ணிப் பாத்துக்கிடுவோம்."

"சரி. அளவு எப்படிப் போட்டீரு?"

"செம்பு படிய வச்சுத்தான். மயில்துத்தக் கரைசல்ல மின்சாரத்த விட்டு, தகட்டுல எவ்வளவு செம்பு ஏறுதுன்னு ஆசாரி தராசுல நிறுத்தேன். இந்த ஊசி நாப்பத்தஞ்சு டிகிரில நிக்கும்போது, மணிக்குச் சுமாரா ஒரு குண்டுமணி எடை ஏறுது. எட்டு மணி நேரம் விட்டுப் பாத்தேன்."

முறை சரியான முறைதான். ஓடிய மின்சாரத்துக்குத் தக்கபடிதான் செம்பு படியும், அதில் ஏமாற்று நடக்காது. பிள்ளைக்கு அது தெரியும். ஆனால் அந்த முறையைத் தான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை என்பதும் தெரியும்.

"குண்டுமணிய வச்சா மின்சாரத்தை அளந்தீரு?" என்றார். அப்பாத்துரை சிரித்தார். சாலமோனும், தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியாததுபோல, கூடச் சேர்ந்து சிரித்தார்.

பிள்ளை முதல் கருவியைக் கல்பலகையில் வைத்து வளையத்தை வடக்கு தெற்காகத் திருப்பினார். அன்று காலையில் புதிதாகக் கூட்டிய டேனியல் மின்கலம், தடைப்பெட்டி, மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் அழுத்துகிற பித்தளைச் சாவி எல்லாவற்றையும் கம்பியால் இணைத்தார். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. இந்தக் கலத்தையும் இத்தனை தடையையும் வைத்தால், ஐம்பது சுற்றும் இந்த அளவு வளையமும் உள்ள கருவி இந்தக் கல்லின் மேல் சரியாக நாற்பத்தைந்து டிகிரி காட்ட வேண்டும். தன் சொந்தக் கருவியை வைத்துப் பலமுறை பார்த்து மாசி மாதத்தில் எழுதிய கணக்கு.

சாவியை அழுத்தினார். ஊசி ஆடி அடங்கி நின்றது. ஊசிக்கு அடியில் இருந்த கண்ணாடியில் அதன் நிழல் ஊசிக்குள் மறையும்படி தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நாப்பத்தாறரை."

மின்சாரத்தைத் திசை மாற்றி விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கமும் நாற்பத்தாறரை. இரண்டாவது கருவி, நாற்பத்தாறரை. மூன்றாவது, நான்காவது. ஆறும் அப்படியே.

"ஒன்றரை டிகிரி கூடக் காட்டுதுவே. சுத்து கூடிப் போயிருக்கு, இல்லேன்னா வளையம் சிறுத்திருக்கு."

சாலமோன் குனிந்து தானும் நிழல் மறையும்படி ஊசியைப் பார்த்தார். பிறகு பைய கேட்டார். "அண்ணாச்சி, ஆறும் ஒண்ணுபோல ஒன்றரை டிகிரி கூடக் காட்டுதுன்னா, தப்பு ஆறுலயும் இருக்குமா? இல்ல, ஆறுக்கும் பொதுவா வேற எதுலயாவது இருக்குமா?"

"ஆறுக்கும் பொதுவா இருக்கது உம்ம கைதானவே."

அப்பாத்துரை மறுபடி சிரித்தார்.

"உங்க கருவியையும் இதே கல்லுல வச்சு ஒரு தடவ பாத்துருவோமே அண்ணாச்சி. ரெண்டு நிமிசம் ஆவுமா?"

இந்தக் கேள்வியை யாரும் அந்தப் பட்டறையில் அதுவரை கேட்டதில்லை. பிள்ளையின் கருவி அலமாரியில் பட்டுத்துணி மூடி உட்கார்ந்திருந்தது. எடுத்து வைத்திருந்தால் உண்மையிலேயே இரண்டு நிமிஷந்தான் ஆகியிருக்கும்.

"என் கருவியச் சோதிக்க உம்மைக் கூப்பிட்டனா, உம்ம கருவியச் சோதிக்க நீரு என்னக் கூப்பிட்டீரா?"

சாலமோன் தலையைக் குனிந்தார். ஆனாலும் அவர் கண்கள் அறையைச் சுற்றி வந்தன. மூங்கில் ஆணி, பித்தளைக் கீல், கல்பலகை. கடைசியில் பலகை ஒட்டியிருந்த ஒற்றைச் செங்கல் சுவரில் வந்து நின்றன.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு அண்ணாச்சி?"

அந்தப் பக்கம், நெல்லறையின் மறுபாதியில், பிள்ளையின் மகள் நீலாம்பாள் குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள். பத்தாவது நாள்.

"எம் மக பேறுகாலத்துல படுத்திருக்கா" என்றார் பிள்ளை, சத்தத்தைக் கூட்டி. "அங்கனயும் வந்து எட்டிப் பாக்கணுமாவே உமக்கு?"

அப்பாத்துரைகூடச் சிரிக்கவில்லை. சாலமோன் எழுந்து இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். "ஐயோ, மன்னிச்சுருங்க அண்ணாச்சி. அறியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சுருங்க." சொல்லிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தவர் வாசற்படியில் கால் இடறினார். மரப்பெட்டியில் போட்டிருந்த விஞ்ஞான அறைச் சாவியை எடுக்க மறந்து, தெரு வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே பிள்ளை ஹெட்மாஸ்டருக்கு எழுதினார். ஆறு கருவிகளும் அளவு பிசகு, ஏற்கத் தக்கவை அல்ல. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுதுகோல் சூடாக இருந்தது. 'இவற்றைச் செய்தவர் பொறுப்பில் அளவுக் கருவிகளை விட்டுவைப்பது உசிதமன்று' என்று கேட்காத ஒரு வரியையும் சேர்த்தார். ஐந்து கருவிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாம் எண் கருவியை மட்டும் 'மாதிரிக்கு' என்று நிறுத்திக்கொண்டார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, பார்க்க லட்சணமாக இருக்கிற கருவிகூட எப்படிப் பொய் சொல்லும் என்று விளக்குவார். விளக்குவது அவருக்கு வெல்லம் தின்பது மாதிரி.

இருபது நாள் கழிந்தது. குழந்தையைப் பார்க்க மருமகன் ஐயம்பெருமாள் சேரன்மகாதேவியிலிருந்து வந்தார். அங்கே பள்ளிக்கூட வாத்தியார். சாப்பாடு ஆனதும் பிள்ளை அவரைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளே, இதப் பாருங்க. என்ன அழகா இருக்கு? இப்ப மின்சாரத்த விடுதேன். நாப்பத்தஞ்சுலே நிக்கணும். இது நாப்பத்தாறரைக்குப் போவும், பாத்துக்கிட்டே இருங்க."

சாவியை அழுத்தினார். ஊசி ஆடியது. ஐயம்பெருமாள் குனிந்து பார்த்தார்.

"நாப்பத்தஞ்சுலேதானே நிக்குது மாமா?"

"நிழல் மறையும்படி பாக்கணும் மாப்பிள்ளே."

"மறையும்படிதான் பாத்தேன்."

பிள்ளை குனிந்தார். நாற்பத்தைந்து. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கலம் பழசாயிட்டு போல" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. கலம் அன்று காலையில் கூட்டியது. கூட்டும்போது ஐயம்பெருமாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அதைச் சொல்லிக் காட்டாமல், "பிள்ளை அழுகுதாப்ல இருக்கு, பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். குழந்தை ஒன்றும் அழவில்லை.

பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நாளாகச் செய்யாததைச் செய்தார். பட்டுத்துணியை எடுத்துத் தன் சொந்தக் கருவியைக் கல்லின் மேல் வைத்தார். நாற்பத்தைந்து. அதை எடுத்துவிட்டு சாலமோனின் கருவியை வைத்தார். நாற்பத்தைந்து. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அப்படியானால் அன்றைக்கு? சாவியை அழுத்தியபடியே ஊசியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

அப்போது ஊசி நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. கம்பி அசையவில்லை. ஊசி தானாக நாற்பத்தைந்தை விட்டுப் பைய ஊர்ந்து, லேசாக நடுங்கி, நாற்பத்தாறரையில் போய் நின்றது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் 'ணங்' என்று ஒரு சத்தம்.

"யாரது அங்கன?" என்று பிள்ளை கத்தினார்.

"நாந்தான்!" என்றது மனைவி பிரம்மநாயகியின் குரல். "எதுக்கு இந்தக் கூச்சல்? பிள்ள இப்பத்தான் கண் அசந்திருக்கு."

"என்னத்தக் கீழ வச்சே?"

"கடப்பாரைய. கன்னுக்குட்டிக்கு முளை அடிக்கக் குழி தோண்டணும்னு மாட்டுக்காரன் கேட்டான், எடுத்துக் குடுத்தேன். இப்பத் தந்துட்டான், திரும்ப வைக்கேன்."

"திரும்பன்னா? முந்தி எங்க கெடந்துது?"

"இங்கனதான். பெத்த அன்னைலேருந்து கட்டிலுக்கடில, சுவரோரமாக் கெடக்கு. பச்சப்பிள்ள கிட்ட காத்துக் கருப்பு அண்டாம இரும்பு போடாண்டாமா? நாப்பத்தோரு நாளும் கெடக்கணும். நீங்க என்னைக்கு இந்த அறைக்குள்ள எட்டிப் பாத்திய, உங்களுக்குத் தெரியதுக்கு?"

பிள்ளை சாவியிலிருந்து கையை எடுத்தார். ஊசி வடக்கே போய் நின்றது, ஒன்றுமே நடக்காதது போல.

அதுதான் சூது. இரும்பு கோணல்மாணலாகக் கிடந்திருந்தால் ஊசி மின்சாரம் இல்லாதபோதே வடக்கை விட்டு விலகி நின்றிருக்கும். அவரும் உடனே கண்டுபிடித்திருப்பார். ஆனால் வடக்கே தலைவைத்து யாரும் படுப்பதில்லை. நீலாம்பாளின் தலை தெற்கே, கால் வடக்கே. கட்டில் தெற்கு வடக்காக. கட்டிலை ஒட்டிக் கடப்பாரையும் தெற்கு வடக்காக. அப்படிக் கிடக்கிற நீள இரும்பு தானும் ஒரு காந்தமாகிவிடும். பக்கத்தில் இருக்கிற ஊசியை அது திருப்பாது. பூமி ஊசியைப் பிடித்திருக்கிற பிடியைத்தான் கொஞ்சம் தளர்த்தும். பிடி தளர்ந்த ஊசி, அதே மின்சாரத்துக்கு ஒன்றரை டிகிரி கூடத் திரும்பும். இடப்பக்கமும் அவ்வளவு, வலப்பக்கமும் அவ்வளவு. ஆறு கருவியிலும் அவ்வளவு.

எவ்வளவு அழகான விளக்கம்! வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு ஒரு விளக்கத்தை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

கடப்பாரை கூடப் பெரிதில்லை. தெரியாமல் நடந்தது. ஆனால் அந்த மனிதன் இந்தச் சுவரைப் பார்த்து, சரியாக இந்தச் சுவரையே பார்த்து, அந்தப் பக்கம் என்ன இருக்கு என்று கேட்டானே. பதில் ஒரு சொல்லில் இருந்தது. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றிருந்தால் போதும். அதற்குப் பதிலாகத் தான் என்ன சொன்னோம் என்பதை நினைத்ததும் பிள்ளைக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. கேட்டவனைப் பெண்பிள்ளை படுத்திருக்கிற அறையை எட்டிப் பார்க்க வந்தவனாக்கினோம். அவன் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்து போனான்.

மறுநாள் காலையில் ஒரு கடிதம் எழுதினார். 'தட்பவெப்ப நிலை காரணமாக முந்தைய சோதனையில் சிறு வித்தியாசம் நேர்ந்திருக்கக்கூடுமாகையால், மறுசோதனை செய்வது நலம்.' வாசித்துப் பார்த்தார். யாருக்கும் வலிக்காத கடிதம், முக்கியமாக அவருக்கு. கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாம் எண் கருவியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு நடந்தார்.

சாலமோன் வீடு ஓட்டு வீடு. பள்ளிக்கூட நாள், பகல் பதினோரு மணி. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார், மனைவியிடம் தகவல் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று பிள்ளை மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தார். ஆனால் சாலமோன் இருந்தார். முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிச் செம்புக் கம்பி வளையம் வளையமாகக் கிடந்தது. நான்கு மரவளையங்கள் கம்பி இல்லாமல், தோலுரித்த மாதிரி, சுவரோரம் சாய்ந்திருந்தன. ஐந்தாவது அவர் மடியில். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டை.

"வாங்க அண்ணாச்சி" என்று பதறி எழுந்தார். "ஜெபகனி, பாயப் போடு."

"பள்ளிக்கூடம் போகலையா?"

"விஞ்ஞான அறைச் சாவிய வாங்கிட்டாங்க. சின்ன வகுப்புக்கு மாத்தியிருக்காங்க, அடுத்த வாரத்துலேருந்து. அதுவரைக்கும் லீவு." சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்தவர் போலக் கம்பிகளைக் காலால் ஒதுக்கினார். "நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சு எண்ணிக்கிட்டு வாரேன். நாலு பிரிச்சாச்சு. நாலும் அம்பதுதான் வருது. வளையத்தையும் அளந்தேன், சரியாத்தான் இருக்கு. எங்க தப்புப் பண்ணினேன்னு பிடிபடல. கண்ணு மோசமாயிட்டோன்னு பயமா இருக்கு அண்ணாச்சி."

போட்ட பாயில் உட்காரப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. அந்தக் கம்பி ஒவ்வொரு சுற்றாகப் படிய எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் கண்ணையும், தராசையும், மனைவி எண்ணிய கொட்டைகளையும் நம்பாமல் அந்த மனிதன் இவருடைய ஒரு கையெழுத்தை நம்பித் தன் வேலையைத் தானே பிரித்துப் போட்டிருக்கிறான்.

"பிரிக்காதீரும்" என்றார். "தப்பு உம்ம கிட்ட இல்லவே. எங்கிட்ட."

நின்றுகொண்டே சொன்னார். கடப்பாரை, கட்டில், தெற்கு வடக்கு, எல்லாவற்றையும். சாலமோனுக்குக் கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. வெட்கக்கேடான அந்த இடத்தில்கூட அவருக்கு விஷயம்தான் ருசித்தது. "ஆமா! வடக்கு தெற்காக் கெடந்தா ஊசி திரும்பாது! பிடிதான் தளரும்! அட, அதான் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் காட்டியிருக்கு!"

உள்வாசலில் நின்றிருந்த ஜெபகனி மலரவில்லை.

"இவுஹ அன்னைக்கே கேட்டாஹளாம்லா, சுவருக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு?"

"கேட்டாரும்மா."

"வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல. பொம்பள இருக்க அறையப் பத்திக் கேட்டுட்டேனேன்னு. எங்க கோயில்ல முழங்கால்ல நின்னு மன்னிப்புக் கேட்டாஹ. இப்ப யாரு முழங்கால்ல நிக்கது?"

"ஏளா, சும்மா இரு" என்றார் சாலமோன். பிறகு, கையில் இருந்த கம்பியைச் சுருட்டியபடி சொன்னார். "அண்ணாச்சி, நீங்க வந்து சொன்னது பெரிய காரியம். ஆனா எங்கிட்ட சொன்னாப் போதாது. ஹெட்மாஸ்டர்ட்ட சொன்னாலும், பிள்ளைவாள் எரக்கப்பட்டுச் சொல்லுதாருன்னு நினைப்பாங்க. காட்டணும். அந்தக் கடப்பாரையோட."

வீட்டுக்குத் திரும்பி வந்து கடப்பாரையைக் கேட்டதற்குப் பிரம்மநாயகி கையை விரித்தாள். "நாப்பத்தோரு நாளு ஆவல." பிள்ளை நடந்ததைச் சொன்னார். அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் அரிவாளைப் போட்டுவிட்டுக் கடப்பாரையை இழுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். "அன்னைக்கே என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பமே" என்றாள்.

மறுநாள் காலையில் அதை வண்டியில் கொண்டுபோயிருக்கலாம். பிள்ளை தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். வெள்ளை வேட்டி, சரிகைத் துண்டு, தோளில் நாலடிக் கடப்பாரை. ஆற்றுப்பாலத்தில் எதிரே வந்த மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி ஹபீப் முகம்மது குடையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கெணறு வெட்டவா?"

"வாழைக்குக் குழி தோண்டணும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், இரண்டு வாத்தியார்கள், அப்பாத்துரை, மேல் வகுப்புப் பையன்கள் என்று அறை நிறைந்துவிட்டது. சாலமோன் கதவோரம் நின்றார். பிள்ளை, முந்தின நாள் சாலமோனிடம் விட்டுவந்த மூன்றாம் எண் கருவியை வைத்து மின்சாரத்தை விட்டார். ஒரு பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். "நாப்பத்தஞ்சு." கருவிக்குப் பக்கத்தில் இரண்டு மர முக்காலி போட்டுக் கடப்பாரையைத் தெற்கு வடக்காகக் கிடத்தினார். ஊசி ஊர்ந்தது. பையன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். "நாப்பத்தாறரை சார்!" கடப்பாரையை எடுத்தார். நாற்பத்தைந்து. மூன்று முறை செய்தார்.

"இது உங்கள் பட்டறையிலா இருந்தது?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "இரும்பே விடமாட்டீர்கள் என்று சொல்வார்களே?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துது. எம் மக பேறுகாலத்துக்குப் போட்டது. எனக்குத் தெரியாது." இங்கே நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எல்லாரும் தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள். தெரியாமல் நடந்த பிழை, யாருக்கும் நேரக்கூடியது. பிள்ளை நிறுத்தவில்லை. "ஆனா தெரிஞ்சுக்க வழி இருந்துது. அன்னைக்கே சாலமோன் என் கருவியையும் வச்சுப் பாக்கச் சொன்னாரு. நான் வைக்கல. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டாரு. நான் அவரு வாயில மண்ண அள்ளிப் போடுத மாதிரி ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்னு அப்பாத்துரைக்குத் தெரியும்."

அப்பாத்துரை ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்மாஸ்டர் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து சாலமோனிடம் நீட்டினார். பிள்ளையின் பழைய கடிதம் பள்ளிக்கூடக் கமிட்டியின் கோப்பில் சேர்ந்துவிட்டது என்றும், அதை எடுக்க முடியாது என்றும், புதிதாக எழுதித் தந்தால் அதற்கு மேல் சேர்த்துவைப்பதாகவும் சொன்னார். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். கடப்பாரையை எழுதினார், கட்டிலை எழுதினார், கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் எழுதினார். 'உசிதமன்று' என்ற அந்த வரி கீழே எப்போதும் இருக்கும். இனிக் கோப்பைப் புரட்டுகிற எவரும் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள்.

வெளியே வந்ததும் பிள்ளை கேட்டார். "நாலையும் திரும்பச் சுத்தணுமில்லா? நான் வந்து கூட உக்காரட்டுமாவே? எண்ணிக்கிடுதேன்."

சாலமோன் சாவியைக் கைக்குள் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம் அண்ணாச்சி. எண்ணுகதுக்கு ஜெபகனி உண்டும்." கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு அறைக்குள் திரும்பிப் பார்த்து, "கடப்பாரைய எடுத்துட்டுப் போயிருங்க. இங்கன கெடந்தா ஊசிக்கு ஆவாது" என்றார்.

பிள்ளை அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வரும்போது இருந்ததை விடக் கனத்தது. பாலத்தில் பாதி தூரம் வந்தபோது, சரக்கு கொடுத்துவிட்டுத் திரும்பிவந்த ஹபீப் முகம்மது மறுபடியும் எதிர்ப்பட்டார்.

"குழி தோண்டியாச்சா அண்ணாச்சி?"

பிள்ளை நின்றார். கடப்பாரையை இறக்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்தார். கீழே ஆனி மாதத்து ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது.

"குழி இல்ல பாய். காலைல பொய் சொன்னேன்" என்றார். "கால்வனாமீட்டர்னு ஒரு கருவி உண்டும். ஒரு வளையம், நடுவுல ஒரு காந்த ஊசி. இருங்க, ஆதியிலேருந்து சொல்லுதேன்."

ஹபீப் முகம்மது குடையை இருவருக்குமாக விரித்துப் பிடித்தார்.